ரயில் விசாரணைப் போனை எடுக்க ஆள் தேடுகிறவர்களுக்கு, தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து ஒரு மடல்

ரயில் பயணிகள் விசாரணைக்கான அழைப்பு மையங்களுக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்த நிறுவனத்தாருக்கும், அந்த ஒப்பந்தங்களைக் கொடுக்கும் ரயில்வே அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வுக்காகக் காரைக்குடியில் ராத்திரி வண்டி ஏறிச் சென்னைக்குப் போனேன். ரயில் பயணிகள் போனில் கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்லும் வேலை அது. எதிரே உட்கார்ந்திருந்தவர் இருபது நிமிடமும் ஆங்கிலத்திலேயே பேசினார். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். இன்னும் ஐந்து வருடம் கழித்து எந்த நிலையில் இருப்பேன் என்று கேட்டார். ரயிலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. தமிழில் ஒரு வாக்கியம் பேசிக் காட்டச் சொல்லவில்லை. ஆங்கிலம் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று பிற்பகல் பல்லவன் எக்ஸ்பிரஸிலேயே ஊர் திரும்பினேன். எனக்கு மட்டும் நடந்ததென்றால் மனத்தோடு வைத்துக்கொண்டிருப்பேன். என்னோடு படித்த இன்னும் மூன்று பேருக்கும் இதே கதைதான்.

எங்கள் அப்பா காரைக்குடி பக்கத்திலுள்ள தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கல்லாவில்தான் இருப்பேன். வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் எங்களிடம்தான் முதலில் கேட்பார்கள். தேவகோட்டைக்கு டிக்கெட் எடுத்தோம், ஊரைக் காணோமே என்பார்கள். ஸ்டேஷன் ரஸ்தாவில் இருக்கிறது, ஊருக்கு இங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் படும் பாடு இன்னொன்று. செட்டிநாடு என்ற பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அது கானாடுகாத்தான் பக்கம். எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போகிறவர் பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிட்டால் திண்டாட்டம்தான். அவர் காரைக்குடி ஜங்ஷனில் இறங்கியிருக்க வேண்டும். கால அட்டவணையைத் திரையில் பார்த்துப் படித்துக் காட்டுகிறவருக்கு இது தெரியாது. இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

2020 ஜனவரியில் ரயில்வேயின் பல உதவி எண்களை ஒன்றாக்கி 139 என்று வைத்தார்கள். 2021 ஏப்ரலில் பாதுகாப்புக்கான 182-ம் அதில் சேர்ந்துவிட்டது. 12 மொழிகளில் சேவை உண்டு. வண்டி எங்கே வருகிறது, பிஎன்ஆர் நிலை என்ன என்பதையெல்லாம் இயந்திரக் குரலே சொல்லிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் மனிதரிடம் பேச வேண்டும் என்று காத்திருந்து வருகிறவர், இயந்திரம் சொன்னது புரியாமலோ அது போதாமலோதான் வருகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கண்டனூரில் ஓர் ஆச்சி. மகன் ஆன்லைனில் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார், வெயிட்டிங் லிஸ்ட். சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல், போட்டாச்சு, இடம் கிடைக்கவில்லை. ஆச்சி பெட்டியோடு கிளம்பி நிற்கிறார். ஆன்லைன் டிக்கெட் என்பதால் அது தானாகவே ரத்தாகிவிடும், பணம் மகனுடைய கணக்குக்குத் திரும்பும், அதை வைத்து வண்டி ஏற முடியாது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். அதே ஆச்சி கவுன்டரில் எடுத்திருந்தால் பதில் வேறு. ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக்கூடாது, பொதுப்பெட்டியில் போகலாம். இந்த வித்தியாசத்தை, பதற்றத்தில் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு, அவர் பேசும் தமிழிலேயே, அவசரப்படாமல் சொல்லத் தெரிய வேண்டும். முதலில் "ஆச்சி, டிக்கெட்டை எங்கே எடுத்தீங்க?" என்று கேட்கத் தெரிய வேண்டும். நீங்கள் சோதிக்க வேண்டிய திறமை இதுதான்.

பாம்பன் விஷயத்தையும் நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் வண்டிகள் தீவுக்குள் போகவில்லை. அந்த இரண்டு வருடத்துக்கும் மேலாக எங்கள் கடையில் ஒரே கேள்விதான்: "வண்டி ராமேஸ்வரம் வரைக்கும் போகுமா?" காசி போய்விட்டு ராமேஸ்வரத்தில் முடிக்க வந்தவர்கள், திதி கொடுக்க வந்தவர்கள். எங்கே இறங்கி எந்த பஸ் ஏறுவது என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரி, இப்போது வேலை தேடுவதில் உள்ள சிக்கலுக்கு வருகிறேன். இந்த வேலைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று இங்கே யாருக்கும் தெரியாது. ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பில் தேடுகிறோம், அதில் இருக்காது. ஒப்பந்த நிறுவனம் எடுக்கும் வேலை என்பதே பலருக்குப் புதுச் செய்தி. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். என் தோழியிடம் ஒருவர் இதை நிரந்தர ரயில்வே வேலை என்று சொல்லி 20,000 ரூபாய் கேட்டார். அவள் அம்மா வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார், நாங்கள்தான் தடுத்தோம். விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: இது ஒப்பந்த நிறுவன வேலை, சம்பளம் இவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு வருவது இவ்வளவு, இத்தனை நாள் பயிற்சி, பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா, யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். இதைத் தமிழில் எழுதி ஸ்டேஷன் பலகைகளில் ஒட்ட ரயில்வே அதிகாரிகள் இடம் கொடுக்க வேண்டும்.

ராத்திரி ஷிப்ட் பற்றியும் மறைக்காதீர்கள். எங்கள் ஊரைத் தாண்டும் வண்டிகளில் பல ராத்திரி வண்டிகள், ராத்திரியில் போன் வரத்தான் செய்யும். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்தும் வேண்டும் என்பது தமிழ்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்குவதற்கு வைத்த நிபந்தனை. சேர்ந்த பிறகு வாய்மொழியாகச் சொல்லாமல் வேலைக் கடிதத்திலேயே போடுங்கள். அப்புறம் வீட்டில் அனுப்புவார்களா மாட்டார்களா என்பதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

எல்லோரும் சென்னைக்கு வந்துதான் உட்கார வேண்டுமா? தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் விதிகளைத் தளர்த்தி, அழைப்பு மைய ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வழி செய்துவிட்டது. சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போனால் இந்தச் சம்பளத்தில் கையில் எதுவும் நிற்காது. காரைக்குடியில் கல்லூரி முடித்து, அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு சிறிய அறையும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் பத்துப் பேர் இங்கிருந்தே தமிழ் அழைப்புகளை எடுப்போம்.

முதலில் ஒரு நாள் காரைக்குடிக்கு வந்து தேர்வு வையுங்கள். உண்மையான அழைப்புகளின் பதிவுகள் ஐந்தைப் பெயரும் எண்ணும் நீக்கிப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் எப்படிப் பதில் சொல்கிறோம் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள், தெரிந்த வரைக்கும் சொல்கிறோம். தேதி மட்டும் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். அறந்தாங்கி, திருமயம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ரஸ்தா டீக்கடைக்காரர் மகள்