ஓட்டலாகும் செட்டிநாட்டு வீடுகள்: குளியலறையை எங்கே வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோட்டைகள் பாரம்பரிய ஓட்டல்களாவது பற்றிய கட்டுரையில், ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையைக் காட்டி, செட்டிநாட்டு வீடுகளும் அதே வழியில் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். போகலாம்தான். கானாடுகாத்தான் விசாலத்திலும் கடியாபட்டி சிதம்பர விலாஸிலும் கொத்தமங்கலம் சாரதா விலாஸிலும் ஏற்கெனவே விருந்தினர் தங்குகிறார்கள். வீடு பூட்டிக் கிடந்து, தூணும் நிலையும் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவதைவிட ஆள் புழங்குவது எவ்வளவோ மேல். ஆனால் 1464இல் எழுந்த நீம்ரானா மலைக்கோட்டை வேறு. செங்கல்லும் சுண்ணாம்பும் பர்மா தேக்கும் சேர்ந்த நம் ஊர் வீடு வேறு. இங்கே வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

வளவை, அதாவது நடுமுற்றமுள்ள உள்கட்டை, சுற்றியுள்ள அறைகள் குளித்துப் புழங்கக் கட்டியவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு புள்ளியும் (தம்பதியும்) சீர் சாமானை வைத்துப் பூட்ட ஏற்பட்டவை. தண்ணீர்ப் புழக்கமெல்லாம் கடைசிக் கட்டிலும் கிணற்றடியிலும். ஓட்டல்காரர்களுக்கோ அறைக்கொரு குளியலறை வேண்டும். உள்ளறையைக் குளியலறையாக்கி, சுவரை வெட்டிக் குழாய் புதைத்து, சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றுப்பட்டால் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் மேலே ஏறி, டைல்ஸ் முடியும் இடத்துக்கு ஒரு சாண் மேலே உப்பாகப் பூக்கும். சுவரின் மறுபக்கம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சு கொப்பளிக்கும். விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். அந்த இடத்தில் இன்னொரு கை சிமெண்டையே இழுத்துவிடுவார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குக் கொப்புளம் ஒரு முழம் தள்ளி வரும்.

சரிசெய்ய வேண்டுமானால் முதலில் கசிவை நிறுத்தி, சிமெண்டைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட வேண்டும். இதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டிலிருந்து மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூச வேண்டும். இரண்டு வாரமாவது வெயில் படாமல் ஈரம் காட்ட வேண்டும். அவசரப்பட்டால் மயிர்க்கோடாக வெடிக்கும். மெருகுப் பூச்சு அதற்குப் பிறகுதான்.

குளியலறைகளைப் பின்கட்டிலோ தோட்டத்துப் பக்கம் புதிதாக எழுப்பும் வரிசையிலோ வைப்பதே சரி. அறையோடு சேர்ந்துதான் வேண்டுமென்றால் பழைய சுவரைத் தொடாமல், நடுவே காற்றுப்போக இடம் விட்டுத் தனிச்சுவர் எழுப்பி, குழாயை அதில் வெளித்தெரியும்படி ஓட்டலாம். மாடியில் மட்டும் வேண்டவே வேண்டாம். மரக்கட்டை தாங்கும் தளத்தில் கசிவு இருந்தால், சுவருக்குள் நுழையும் கட்டையின் முனைதான் முதலில் உளுக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. திருப்புளியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். தேக்கைக் கறையான் லேசில் தொடாது, ஆனால் நாள்பட்ட ஈரத்தைத் தேக்கும் தாங்காது. 2,000 லிட்டர் தொட்டியைப் பழைய மாடியில் ஏற்றுவதும் இதே கதை: தண்ணீர் மட்டுமே இரண்டு டன். தோட்டத்தில் தனித் தாங்கி கட்டிக்கொள்ளலாம்.

ஏசி இரவெல்லாம் ஓடினால் ஒரு வாளித் தண்ணீர் வடியும். அதைச் சுவரோரம் விடாமல் வடிகாலில் சேர்க்க வேண்டும். ஏசி குளிர் போகாமலிருக்க முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவது அதைவிட மோசம். வளவின் வெக்கை மேலே போகும் ஒரே வழி அதுதான்.

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாத சிமெண்ட் கல். துப்புரவு ஆட்கள் ஆசிட் ஊற்றினால் மேல்பூச்சு அரித்து, பூ வேலை மங்கிவிடும். போன பளபளப்பு திரும்பாது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போதும்.

பங்காளிகள் அத்தனை பேரும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு நாளில் வளவும் சாமி வீடும் குடும்பத்தாருக்கு, அன்று விருந்தினர் முன்பதிவு இல்லை என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்.