சிகாகோ மான்ட்ரோஸில் வீடு பிடித்தவனுக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன், திட்டாதே. இங்கே மில்வாக்கியில் எல்லாரும் நலம். பரமசிவம் மறுபடியும் கடையை மாற்றிவிட்டானாம். எதற்காக என்று உனக்குச் சொல்லவே வேண்டாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வானிலைப் படம் ஒன்றை அனுப்பி, "இந்த வசந்தத்தில் சிகாகோவில் 40 சதவீதம் அதிக மழையாமே" என்று கேட்டிருந்தாய். கணக்கு சார் மட்டும் பார்த்திருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். அது மழையின் அளவு இல்லையடா, வாய்ப்பு. மூன்று மாத மழையை வழக்கத்தைவிட அதிகம், வழக்கம்போல, குறைவு என்று மூன்று கூறாக்குகிறார்கள். எந்தத் துப்பும் கிடைக்காவிட்டால் கூறுக்கு 33 சதவீதம். அதிகத்துக்கு 40 என்றால் சற்றே அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை புதுப் படம் வரும், பார்த்துக்கொள். ஆனால் எந்த நாளில் மழை, எந்த நாளில் இடி என்று அதில் தேடாதே. அதற்கு தேசிய வானிலைச் சேவையின் ரோமியோவில் (Romeoville) ஊர் அலுவலகம் போடுகிற அறிக்கைதான்.

படம் என்ன சொன்னாலும் மே மாதத்துக்குத் தயாராக இரு. சிகாகோவில் அதிக மழை பெய்கிற மாதமே அதுதான், சராசரி சுமார் 11 சென்டிமீட்டர். 2018, 2019, 2020 என்று அடுத்தடுத்து மூன்று வருஷமும் மே மாத மழை பழைய சாதனையை உடைத்தது. நீ பிடித்திருப்பதோ பாதி தரைக்குக் கீழே இருக்கிற வீடு. அந்த ஊரில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. கொட்டித் தீர்க்கும்போது குழாய் நிறைந்து, குளியலறைத் தரையில் இருக்கிற வடிகால் வழியாகத் தண்ணீர் மேலே வரும். அந்த வடிகாலில் திருப்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேள். பெட்டிகளைத் தரையில் வைக்காதே, ஒரு அடி உயரத்தில் பலகை போட்டு வை. பலத்த மழை நேரத்தில் வாஷிங் மெஷின் ஓட்டாதே. வாடகைக் காப்பீடு எடுக்கும்போது, வடிகால் வழியாக ஏறும் தண்ணீருக்குத் தனியாகச் சேர்க்கச் சொல். சாதாரண பாலிசியில் அது வராது.

வீட்டை விடு. என் கவலையெல்லாம் மிச்சிகன் ஏரி. அப்பா தினமும் காலையில் கரையோரம் நடப்பார், நான் ஏப்ரல் ராத்திரியில் ஸ்மெல்ட் என்கிற சின்ன மீன் பிடிக்கப் போவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

அப்பா சமாச்சாரம் சுலபம். ஏப்ரலில் மிச்சிகன் ஏரித் தண்ணீர் 4, 5 டிகிரி செல்சியஸில் நிற்கும். மெரினாவில் உச்சிவெயிலுக்குப் பிறகு கடல்காற்று வருமே, அதே மாதிரி இங்கேயும் வரும், ஆனால் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி வரும். ஓஹேர் விமான நிலையத்தில் 25 டிகிரி என்று டிவியில் சொல்வான், உன் வாசலில் 10 இருக்கும். அறிக்கையில் "ஏரியோரம் குளிர் அதிகம்" என்று ஒரு வரி வந்தாலே காற்று புகாத ஜாக்கெட்டும் காதை மூடும் தொப்பியும் இல்லாமல் அவரை அனுப்பாதே. குடை உதவாது. முதல் வீச்சிலேயே கம்பி திரும்பிக்கொள்ளும்.

உன் விஷயம்தான் சிக்கல். வசந்தத்தில் ஏரி ஆளை ஏமாற்றும். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று பலமாக வீசும்போது, தண்ணீரை ஒட்டிக் கிடக்கிற குளிர்ந்த கனமான காற்றை அதனால் கிழித்துக்கொண்டு இறங்க முடியாது. ஊருக்குள் மரக்கிளை ஒடியும், ஏரி சும்மா கிடக்கும். அதைப் பார்த்து நீ வலையைத் தூக்கிக்கொண்டு போவாய்.

காற்று வடக்கிலோ வடகிழக்கிலோ திரும்பினால் கதை வேறு. ஏரியின் நீளம் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் தடையில்லாமல் ஓடி வருகிற அலை தெற்கு முனையில், அதாவது உன் பக்கம், வந்து மோதும். காற்று 22 நாட் (knot), அதாவது மணிக்கு சுமார் 41 கிலோமீட்டரைத் தொட்டாலோ அலை 4 அடியைத் தொட்டாலோ சிறு படகு எச்சரிக்கை போடுவார்கள். படகு இல்லாத உனக்கும் அதுதான் அளவுகோல். "4 அடி" என்பது மிகப் பெரிய அலை இல்லை, எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நடுவில் ஒன்றிரண்டு 7 அடிக்கும் வரும். உனக்கான பகுதி வில்மெட் துறைமுகம் முதல் நார்தர்லி தீவு வரை. கரையோர அறிக்கையில் அந்தப் பத்தியை மட்டும் படி.

இதையெல்லாம்விடப் பொல்லாத ஒன்று இருக்கிறது. 1954 ஜூன் 26 காலையில் இடிமழை வரிசை ஒன்று ஏரியைக் கடந்து எதிரே மிச்சிகன் மாநிலப் பக்கம் போனது. அது தள்ளிக்கொண்டு போன நீர்மேடு எதிர்க்கரையில் மோதித் திரும்பி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து சிகாகோவில் ஏறியது. அப்போது அங்கே மழையே இல்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் 8 பேர் செத்தார்கள். அலை ஏறிய இடங்களில் ஒன்று எது தெரியுமா? நீ வீடு பிடித்திருக்கிற அதே மான்ட்ரோஸ்.

நடப்பது இதுதான்: 80 மீட்டர் ஆழத் தண்ணீரில் இப்படிப்பட்ட நீண்ட அலை மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மழை வரிசையும் அதே வேகத்தில் வந்துவிட்டால், காற்றும் அழுத்தமும் வழிநெடுக ஒரே அலையைத் தள்ளிக்கொண்டே போய் வளர்த்துவிடும். 2018 ஏப்ரல் 13 அன்று எதிர்க்கரையில் இருக்கிற லூடிங்டன் ஊரில் அலைத்தடுப்புச் சுவரே இப்படி மூழ்கியது. ஆகவே மேற்கே வானம் கறுத்தால் எழுந்து வா. மழை ஓய்ந்ததும் திரும்பிப் போகாதே, மூன்று மணி நேரம் பொறு. தண்ணீர் திடீரென்று உள்வாங்கினால் வலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடு.

போன் கத்தும் என்று நம்பியிருக்காதே. சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கைக்குக் கத்தும். இடிமழை எச்சரிக்கை மணிக்கு 93 கிலோமீட்டர் காற்றிலேயே போட்டுவிடுவார்கள், ஆனால் காற்று 129 கிலோமீட்டர் அல்லது ஆலங்கட்டி 7 சென்டிமீட்டர் என்று கணித்தால்தான் போனுக்கு வரும். ஏரிக்கான அவசர எச்சரிக்கைக்குச் சத்தமே வராது. வானிலை ரேடியோ ஒன்று வாங்கு. அலைவரிசை 162.550 மெகாஹெர்ட்ஸ், சிகாகோ இருக்கிற குக் கவுண்டியின் எண் 017031. பாட்டரி போட்டு வை.

உள்ளே விழுந்தால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கும், அதற்குள் நீந்தப் பார்க்காதே, மிதந்து மூச்சைச் சீராக்கு. அப்புறம் பத்து நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். நீ ஆற்றில் எதிர்நீச்சல் போட்டவன்தான், இந்தத் தண்ணீருக்கு அது தெரியாது. மிதவைச் சட்டை இல்லாமல் சுவர் மேல் ஏறாதே. ஏறுவதற்கு முன்னால் இரும்பு ஏணியும் மிதவை வளையமும் எங்கே என்று பார்த்து வை. பாசி படிந்த விளிம்பில் நிற்காதே. தனியாகப் போகவே போகாதே.

தங்கச்சியிடமும் இந்தக் கடிதத்தைக் கொடு, கட்டாயம். அப்பா அம்மா வருகிற தேதியையும் அப்பாவின் ஜாக்கெட் அளவையும் உடனே எழுது. இங்கே குளிர்கால உடுப்பெல்லாம் தள்ளுபடியில் போட்டிருக்கிறான், வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமு