லோடு வண்டிக்கு மைலேஜ் சொல்வதென்றால் லோடு ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் டீசல் பிக்கப் வண்டிகளின் மைலேஜ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், தேவையில்லாமல் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், நேரத்துக்கு சர்வீஸ் விடுங்கள் என்று எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் கட்டுரை முழுக்க ஓட்டுகிறவனுக்குத்தான் புத்திமதி. வண்டியை விற்கிறவர்கள் சொல்லும் கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு லோடு அடிக்கிறவன் நான். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, போன வருடம் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றக்கூடிய புது பிஎஸ்-6, அதாவது புகையைக் கட்டுப்படுத்தும் புது விதிப்படி செய்த டீசல் பிக்கப் ஒன்று எடுத்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மார்க்கெட்டில் வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஷோரூமில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றார்கள். லோடோடு பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூர் போனால் 10 கிடைக்கிறது. வழியில் இருக்கும் குதிரான் மலையில் 2021-இல் சுரங்கப்பாதை திறந்துவிட்டதால் அந்த மலை ஏற்றம்கூட இப்போது இல்லை, அப்படியும் 10தான். கம்பம் வழியாகப் போய் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலை ஏறினால் 8-க்கும் கீழே. காலியாகத் திரும்பும்போது மட்டும் 13 வரை வருகிறது. பழைய வண்டி இதே லோடுக்கு 12 கொடுத்தது.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை வைத்து இதைச் சொல்லவில்லை. என் வண்டியில் அது எப்போதும் ஒன்றோ ஒன்றரையோ கூட்டித்தான் காட்டுகிறது. ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், நாசில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, ஓடிவிட்டு வந்து மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுத்த கணக்கு. டிரைவர் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை.

14-க்கும் 10-க்கும் நாலுதானே என்று தோன்றலாம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 என்றால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய் சொச்சம், 10 என்றால் 9 ரூபாய் 20 காசு. 300 கிலோமீட்டர் ஓட்டத்தில் கிட்டத்தட்ட 800 ரூபாய் வித்தியாசம். ஒரு டிரிப்பில் எனக்குக் கையில் நிற்கும் காசே பல நாள் அவ்வளவுதான். ஷோரூம் எண்ணை நம்பி வாடகை பேசி, தவணை கணக்குப் போட்டு வண்டி எடுத்தவன் முதல் மாதத்திலேயே திணற ஆரம்பித்துவிடுகிறான்.

ஓவர் லோடு ஏற்றியிருப்பீர்கள் என்று சிலர் சொல்வார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். மாநில எல்லை தாண்டிப் போகிறவனுக்கு அந்தத் தைரியம் எல்லாம் கிடையாது.

ஷோரூமில் சொன்ன 14 பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டிகளைச் சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். நின்று நின்று போகும் நகர ஓட்டம், கடைசியில் கொஞ்சம் வேகம், எல்லாம் சேர்த்து 20 நிமிடம்கூட இல்லை. உச்ச வேகம் 90, அதுவும் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. டேங்கில் எவ்வளவு டீசல் குறைந்தது என்று அளப்பதும் இல்லை. சைலன்சரில் வரும் புகையில் எவ்வளவு கார்பன் என்று பார்த்து, எரிந்த டீசலைக் கணக்கிடுகிறார்கள். முறை துல்லியமானதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வண்டியின் எடையாக எதை வைக்கிறார்கள்? காலி வண்டி, அதற்கு மேல் இரண்டு ஆள் கனம். ஒன்றரை டன் தூக்கத்தான் அந்த வண்டியையே செய்கிறார்கள், மைலேஜ் மட்டும் அதைக் காலியாக ஓட்டிப் பார்த்த மைலேஜ். காலியாகத் திரும்பும்போது எனக்கு 13 வருவதற்கும் ஷோரூமில் 14 சொல்வதற்கும் உள்ள உறவு இப்போது புரிகிறது.

எங்கள் மார்க்கெட்டில் மைலேஜ் பேச்சு எடுத்தாலே பிஎஸ்-6 சட்டத்தைத் திட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிஎஸ்-4-லிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்கு 2020 ஏப்ரல் 1 அன்று நாடு மாறியது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. கனமான பிக்கப் ரகத்துக்குக் கரித்துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமாக இருந்தது, இப்போது 4.5. விடியற்காலையில் வரிசையாக வண்டிகள் ஸ்டார்ட் ஆகி நிற்கும் இடத்தில் வேலை செய்கிறவன் நான், அந்த வித்தியாசம் மூக்குக்கே தெரியும்.

ஆனால் அதற்கு டீசலும் செலவாகிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டை உண்டாக்க எஞ்சின் தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை எடுத்துக்கொள்கிறது. நீளமாக ஓடும் வண்டிக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஊருக்குள் பத்துக் கடைக்கு இறக்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினை அணைக்கிற வண்டிக்குத்தான் பாதி எரிந்து நின்று, மறுபடி எரிக்க மறுபடி டீசல் போகிறது. எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலப்பதும் உண்டு. வண்டியை ஒப்படைக்கும்போது மாலை போட்டு, சாவி கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். இந்த ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபில்டரில் கரி சேர்ந்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபோது போன் செய்தால் "ஹைவேயில் ஒரு அரை மணி நேரம் விரட்டுங்க, அணைஞ்சிடும்" என்கிறார்கள். தக்காளியை ஏற்றிக்கொண்டு செக்போஸ்ட் வரிசையில் நிற்கிறவன் எங்கே போய் விரட்டுவது?

ஃபில்டரைக் கழற்றி, கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றித் தருகிறோம், மைலேஜ் ஏறும் என்று சொல்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். தயவுசெய்து யாரும் அதில் விழ வேண்டாம். சட்டப்படி தவறு, வாரண்டியும் போய்விடும்.

சர்வீஸ் சென்டரில் எனக்குக் கிடைத்த பதில்கள் வழக்கமானவைதான். முதலில், இன்னும் கொஞ்சம் ஓடட்டும், எஞ்சின் செட் ஆகும் என்றார்கள். ஓடிய பிறகு, பக்கப் பலகையை உயர்த்திப் பாடி கட்டியிருக்கிறீர்கள், தார்ப்பாய் காற்றைப் பிடிக்கிறது என்றார்கள். சரி, அது நியாயம்தான், வேகமாகப் போகும்போது காற்று இழுக்கத்தான் செய்யும். ஆனால் காய்கறிப் பெட்டி ஏற்றுகிற பிக்கப்பில் பலகை உயர்த்தாமல், தார்ப்பாய் கட்டாமல் ஓடும் வண்டி எது? விற்கும்போது தெரியாததா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து, புகையைச் சோதனைக்கூடத்தில் அளந்தால் மட்டும் போதாது, வண்டியின் பின்னால் கருவியைக் கட்டி ரோட்டிலும் ஓட்டி அளக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தக் கருவி கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தே அளக்கிறது. அப்படியானால் ரோட்டில் எவ்வளவு டீசல் எரிகிறது என்று கணக்கிடுவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. காலிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று என்று இரண்டு மைலேஜ் எண்களை விலைப்பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று அரசு சொன்னால் போதும். வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினால் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கதவிலேயே ஒட்டித் தருகிறார்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவும் ஒன்றும் ஒசத்தி இல்லை. அங்கே ஷோரூமில் நிற்கும் புதுக் காரின் கண்ணாடியில் மைலேஜ் தாள் ஒட்டியிருப்பது கட்டாயம். ஆனால் ஏற்றும் பாரத்தோடு மொத்த எடை 8,500 பவுண்டை, அதாவது சுமார் 3,850 கிலோவைத் தாண்டும் 'ஹெவி டியூட்டி' பிக்கப்புகளுக்கு அந்தத் தாள் தேவையில்லை. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற பெரிய டீசல் வண்டிகளை வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். எங்கேயும் அதிகம் குடிக்கிற வண்டியிடம்தான் கணக்குக் கேட்க ஆளில்லை போலிருக்கிறது.

அரசு செய்யும்போது செய்யட்டும். அதுவரை உங்கள் வாகனப் பக்கம் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஒரு பிக்கப்பை ஓட்டிப் பார்த்து எழுதும்போது, கம்பெனி அனுப்பும் கழுவித் துடைத்த காலி வண்டியில் சென்னை ஈசிஆர் கடற்கரைச் சாலையில் போய்வந்து எழுத வேண்டாம். ஆர்.சி.யில் போட்டிருக்கும் அளவுக்கு மூட்டை ஏற்றி, டேங்கை நிரப்பி, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஓட்டி, திரும்பி வந்து மறுபடி நிரப்பிப் பார்த்து, வருகிற எண்ணை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
லோடு வண்டி உரிமையாளர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.