ரிசீவரின் முதுகில் மூன்று ஓட்டை

ஏற்காடு,
சித்திரை 10

அன்புள்ள சீனு,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒன்று கரண்ட் போகும், இல்லை யாராவது வந்து நிற்பார்கள். பங்குனிக் கடைசியில் இங்கே நல்ல மழை. சரியாக எட்டு நாள் கழித்துக் காபிச் செடியெல்லாம் ஒரே காலையில் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. தெருவே மல்லிகைக் கடை மாதிரி மணத்தது. மூன்றாம் நாள் பூவெல்லாம் பழுப்பாகிவிட்டது. வருகிறேன் என்று நீ சொன்னதோடு சரி. இருபது கொண்டை ஊசி வளைவுக்கு இன்னுமாடா பயம்? கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து சேர்.

அப்புறம் உன் கேள்வி. அஸ்தம்பட்டிப் புது வீட்டு ஹாலில் அலமாரிப் பக்கம் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாயிருக்கும் ரிசீவரின் முதுகிலோ பிளக் சொருக மூன்று ஓட்டை இருக்கிறது. கேசட் டெக், ரெக்கார்டு பிளேயர், புதிதாக வாங்கிய சப்வூஃபர் என்கிற அடிக்குரல் ஸ்பீக்கர் மூன்றையும் அதிலேயே சொருகிவிடலாமா என்கிறாய். டெக்கையும் பிளேயரையும் பார்த்துச் சொருகலாம். சப்வூஃபர் கூடாது. நான் சொருகிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன், அதனால் சொல்கிறேன்.

என் ரிசீவர் மாமா பையன் 1984இல் துபாயிலிருந்து தூக்கி வந்தது, உனக்குத் தெரியும். பின்னால் இரண்டு ஓட்டைக்கு மேலே 'ஸ்விட்ச்டு' என்றும், ஒன்றுக்கு மேலே 'அன்ஸ்விட்ச்டு' என்றும் பொடி எழுத்தில் இருக்கும். முதல் இரண்டிலும் முன்பக்க பவர் ஸ்விட்சைப் போட்டால்தான் கரண்ட் வரும். மூன்றாவதில் சுவர் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எப்போதும் இருக்கும். பக்கத்திலேயே 'மொத்தம் 100 வாட்' என்று போட்டிருந்தார்கள். அதை நான் படிக்கவில்லை. படித்தேன், மதிக்கவில்லை என்பதுதான் உண்மை.

போன தீபாவளிக்கு முற்றத்தில் பாட்டு கேட்கட்டுமே என்று நம் பழைய ரேடியோ செட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துத் துடைத்து, ஸ்விட்ச்டு ஓட்டையில் சொருகினேன். ஒரே ஸ்விட்சில் உள்ளேயும் வெளியேயும் பாட்டு, அடடா! நாலாம் நாள் ராத்திரி ஸ்விட்சை அமுக்குகிறேன், பட்டன் வெளியே வருகிறது, ரிசீவர் மட்டும் அணையவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், சுண்டுவிரல் நகமளவு ஸ்விட்சுக்குள்ளே இரண்டு பித்தளை நாக்கும் கரியாகி, ஒன்றோடொன்று பற்றவைத்த மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஓட்டைகளுக்குப் போகிற கரண்ட் முழுக்க அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. 100 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இல்லை. பெரிய ஆம்ப் ஓடும்போது இழுப்பது ஒரு பக்கம். போட்ட அந்த நொடியில் டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் அதைப்போலப் பல மடங்கை ஒரே மூச்சில் இழுக்கும். பொறி அப்போதுதான் பறக்கிறது. சப்வூஃபருக்குள்ளும் ஒரு ஆம்ப் இருக்கிறது, மறந்துவிடாதே. அதற்குத் தனியாக நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கு. ஆடித் திருவிழாவில் ஒரே லைனில் சீரியல் செட்டையும் ஆம்ப்பையும் மாட்டி, கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பியூஸைப் போக்கி நாம் திட்டு வாங்கினோமே, அந்தப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை பார்.

டெக் பிரச்சினையில்லை, பதினைந்து இருபது வாட்டுக்கு மேல் இழுக்காது. ஆனால் எந்த ஓட்டை என்பதில்தான் விஷயம். உன்னுடையதும் என்னுடையதைப் போல அமுக்கினால் 'டொக்' என்று உட்காரும் பழைய கட்டை பட்டன் டெக்தானே? அதை ஸ்விட்ச்டு ஓட்டையில் வைக்காதே. பாட்டு ஓடும்போது தூக்கக் கலக்கத்தில் ரிசீவரை அணைத்தால், பிளே பட்டன் அப்படியே அமுங்கிக் கிடக்கும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை பக்கத்து இரும்புக் கம்பியை ராத்திரி முழுக்க அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு தடவை இரண்டு நாள் அப்படி விட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு தள்ளாடுகிறது. உருளையில் விரலால் தடவினால் தெரிகிற பள்ளம். அன்ஸ்விட்ச்டு ஓட்டையில் மாட்டினால் டெக் தன் பாட்டுக்கு ஓடி, டேப் முடிந்ததும் பட்டன் தானாக எழும்பிவிடும். அதற்கென்றுதான் அந்த ஓட்டையை வைத்தார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ரெக்கார்டு பிளேயர் விஷயத்தில்தான் எனக்கு உன்மேல் பயம். உன் மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதன் தட்டைப் பின் ரிசீவர் ஓட்டையில் கச்சிதமாகப் போய் உட்காரும். அதை நம்பிச் சொருகிவிடாதே! அந்த ஓட்டையில் வருவது சுவரில் வருகிற அதே 230 வோல்ட். ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது வருவதில்லை. பிளேயரின் அடியில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் மோட்டார் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், ஆனால் அங்கே கரண்ட் நொடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. சைக்கிளை வைத்துச் சுற்றும் மோட்டாராக இருந்தால் நிமிஷத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28கூடச் சுற்றாது. பாடகி பாடினாலும் பாடகர் குரலாகத்தான் கேட்கும். மோட்டார் முனையிலுள்ள சின்னச் சக்கரத்தை, அதாவது புல்லியை, மாற்ற வேண்டும். டிசி மோட்டார் என்றால் அந்தக் கவலை இல்லை.

இவ்வளவு சொல்லியும், நான் இன்னும் டெக்கை ரிசீவர் முதுகில்தான் வைத்திருக்கிறேன். இங்கே சாயங்காலம் சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கறுத்தால் போதும், அரை மணியில் இடி. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து ஒரே பிளக்கைப் பிடுங்கினால் மொத்தமும் கழன்றுவிடும். வெறும் ஸ்விட்சை அணைத்தால் அன்ஸ்விட்ச்டு ஓட்டையில் உயிர் இருந்துகொண்டே இருக்கும், அது நினைவிருக்கட்டும்.

வீட்டில் எல்லோரும் நலம். என் முட்டிவலி குளிர் காலத்தோடு போகவில்லை. அவள் உன் சின்ன மகள் கல்யாணத் தேதி கேட்கிறாள், எழுது. உன் ரிசீவர் முதுகில் எத்தனை வாட் போட்டிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் பார்த்து அதையும் எழுது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் டெக்குக்கு அந்த ரப்பர் உருளை கிடைக்கிறதா கேள், 13 மில்லிமீட்டர். இரண்டாக வாங்கு, ஒன்று உனக்கும் வேண்டியிருக்கும்.

உன்,
ராஜு