பி.காம். சுற்றுலா: கணக்கு வராதவர்களுக்கான படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வந்த உங்கள் கல்வி வழிகாட்டி இணைப்பில், வணிகவியலையும் சுற்றுலா மேலாண்மையையும் சேர்த்துப் படிக்கும் பட்டத்துக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். ‘கணக்கு வராதவர்களும் தைரியமாகச் சேரலாம், ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கலாம்’ என்பது அந்த வரி. டிராவல்ஸ் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து பிழைப்பவன் நான். கணக்கு வராதவர் சேரவே கூடாத படிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஒரு லட்ச ரூபாய் டூர் பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டல், வண்டி, கைடு எல்லாம் 92,000 ரூபாய். லாபம் 8,000 என்று தோன்றும். அந்த 92,000-இல் அறை வாடகை 40,000; ஓட்டல்காரர் வரி தனி என்று சொல்லியிருந்தால், நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 2,000 கூடும். 5 சதவீத வரி கட்டும் டூர் ஆபரேட்டர் இந்த 2,000-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுக்க முடியாது. வாடிக்கையாளரிடம் ‘எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்’ என்று வாய்விட்டுவிட்டால், அந்த லட்சத்துக்குள்ளிருந்தே 4,762 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். கையில் நிற்பது 1,238 ரூபாய். ஒரு பயணி சாப்பாடு சரியில்லை என்று சண்டை போட்டுக் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் அதுவும் போச்சு. விலை சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில் நடக்கிற தவறு இது. சீசன் முழுக்க வண்டி நிறைய ஆள் ஏற்றியும் கடனில் நிற்கிறவர்களின் பில்களைப் பிரித்தால் பெரும்பாலும் இதுதான் கிடக்கிறது.

விமான டிக்கெட்டுக்குக் கணக்கே வேறு. ஏஜென்ட் விரும்பினால், உள்நாட்டுப் பயணத்தில் அடிப்படைக் கட்டணத்தின் 5 சதவீதத்தையும், வெளிநாட்டுப் பயணத்தில் 10 சதவீதத்தையும் தன் சேவையின் மதிப்பாக வைத்து, அதன்மேல் 18 சதவீத வரி கட்டலாம். அடிப்படைக் கட்டணம் 20,000 என்றால் உள்நாட்டுக்கு 180 ரூபாய், வெளிநாட்டுக்கு 360. மொத்தக் கட்டணத்தை டாலி கணக்கு மென்பொருளில் விற்பனையாக ஏற்றிவிட்டு வருஷக் கடைசியில் தலையில் கை வைப்பவர்கள் எத்தனை பேர்! ஏஜென்டுக்கு வருமானம் கமிஷனும் சேவைக் கட்டணமும்தான். மற்றது விமான நிறுவனத்தின் பணம். நாகர்கோவில் கம்பெனி ஊழியர்கள் மூணாறு ஓட்டலில் தங்கினால் பில்லில் கேரள மாநில வரி விழும். கம்பெனியின் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. பதிவை வைத்து அதைக் கழிக்க முடியாது. 2020 அக்டோபரில் வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு வந்த டி.சி.எஸ். வரியின் (விற்பவரே வாடிக்கையாளரிடம் முன்கூட்டி வசூலித்துக் கட்டும் வருமான வரி) விகிதமும் வரம்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இவ்வளவும் தெரிந்தவரைத்தான் ‘டிக்கெட் போடுகிறவர்’ என்று உங்கள் இதழும் எழுதுகிறது.

1841-இல் தொடங்கிய பிரிட்டனின் தாமஸ் குக் 2019 செப்டம்பரில் மூடப்பட்டது ஊர் பார்க்க ஆள் இல்லாமலா? கடன் சுமையால். (இங்கே அதே பெயரில் உள்ள நிறுவனம் வேறு.) அன்று வெளிநாடுகளில் சிக்கிய சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் திரும்ப அழைத்து வந்தது. நம் நாட்டில் 2019-இல் ஜெட் ஏர்வேஸும் 2023-இல் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது பயணிகள், ஏஜென்டுகள் பணம் சிக்கியது. முன்பணம் லாபமல்ல, பயணம் முடியும்வரை அது கடன் என்பதைச் சொல்லித்தருவது வணிகவியல் பாடம். அதைச் சுற்றுலாவுக்குப் பொருத்திப் பார்க்கத்தான் இந்த இணைப்புப் பட்டமே.

வருடா வருடம் இந்தப் படிப்புக்கு மேலே சமையல்காரர் தொப்பி போட்ட மாணவர் படத்தையே அச்சிடுகிறீர்கள். ஓட்டல் மேனேஜ்மென்ட் வேறு என்று உங்களுக்குத் தெரியாததல்ல. கல்லூரிகள் செய்வதும் குறைவில்லை. மூன்று நாள் கொடைக்கானல் போய்வந்து ‘களப்பயிற்சி’ என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் பிள்ளைகளை விமான நிலைய வாசலில் பெயர்ப்பலகை பிடிக்க வைக்கிறார்கள். அமேடியஸ், கலிலியோ போன்ற டிக்கெட் முன்பதிவு மென்பொருள்களின் திரையை ஒருநாள்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கி வருகிற பிள்ளைக்கு முதல் வேலையில் என்ன ஆகும்? பயணி பெயரைத் தவறாக அடித்து டிக்கெட் போட்டுவிடும். உடனே கண்டுபிடித்து ரத்து செய்யத் தெரியாவிட்டால் அபராதம் அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் விழும்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு சிறு பெட்டிச் செய்தி: சேரும்முன் சான்றிதழில் வரப்போகும் பெயர் பி.காம்.தானா, பி.பி.ஏ.வா, பி.ஏ.வா என்று கேட்கச் சொல்லுங்கள். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பில் முதல்கட்டத் தேர்வு எழுதாமல் நேரடியாக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதம் போதும், மற்றவர்களுக்கு 60 வேண்டும். அந்த 55 சதவீதச் சலுகைக்குத் தேவையான கணக்கியல், தணிக்கை, வரி, வணிகச் சட்டம் போன்ற தாள்களில் குறைந்தது மூன்று தாள்களாவது தலா நூறு மதிப்பெண்ணுக்கு இருக்கின்றனவா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் டிக்கெட் முன்பதிவு மென்பொருள் எத்தனை கணினிகளில் இருக்கிறது என்றும் கேட்கட்டும். சேர்க்கை முடிவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்