கொட்டகை நோட்டு

மண்டபம்

அன்பு மாப்ளே,

ஆறு மாதமாக நான் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

ஓடு மாற்றப் பரணைக் காலி செய்தபோது, பழைய வலைக்கு அடியில் அப்பாவின் டூரிங் டாக்கீஸ் நோட்டு கிடைத்தது. பேப்பர்காரருக்கு எடைக்குப் போட இருந்தோம்! ராத்திரி முழுக்கப் படித்தேன். ஆட்டத்துக்கு ஒரு வரி. “வாடை. மீன்பாடு இல்லை. தரை காலி.” “இரண்டாம் ரீல் மூன்று இடத்தில் அறுந்தது. சனம் பொறுத்துக்கொண்டது.” நீ படுதாவைத் தூக்கி நுழைந்ததும் இருக்கிறது: “கூட்டாளி மகன். டிக்கெட் இல்லை.” 1964 டிசம்பர் 22-க்கு அப்புறம் நாலு பக்கம் வெள்ளை. பிறகு, “புயல். கொட்டகை போச்சு.”

பேரனிடம் காட்டினேன். அவன் கணினியில் ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தான். சிகாகோவில் மார்ட்டின் குவிக்லி 1915-ல் தொடங்கிய ‘எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்டு’, தியேட்டர்காரர்களுக்கான வாரப் பத்திரிகை. மறு வருஷமே அதில் ஒரு பகுதி, ‘அந்தப் படம் எனக்கு என்ன செய்தது’ என்று. சின்ன ஊர்த் தியேட்டர்காரர்களே எழுதியது. கூட்டம் வந்ததா, மழையா, பிரிண்ட் கிழிசலா, படத்தை வாடகைக்கு எடுக்கலாமா. படக்கம்பெனி விளம்பரம் பக்கம் பக்கமாக வரும் அதே பத்திரிகையில், மாப்ளே! 1907-ல் சால்மர்ஸ் நியூயார்க்கில் தொடங்கிய ‘மூவிங் பிக்சர் வேர்ல்டு’ பின்னாளில் இதோடு சேர்ந்தது. 1931-ல் பெயர் ‘மோஷன் பிக்சர் ஹெரால்டு’ ஆனது. அந்தப் பகுதி அதற்கு அப்புறமும் வந்தது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அவர் எழுதியதும் அதேதான். அனுப்பத்தான் இடமில்லை. கீழக்கரையில் படுத்த படத்தை, தெரியாமல் தொண்டிக்காரர் முன்பணம் கட்டி எடுத்தார். ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த படப்பெட்டியைத்தான் நமக்கு அனுப்புவார்கள், வாடகையில் ஒரு காசு குறையாது. இதை எந்த சினிமா சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள்? நடிகர்கள் கதை மட்டும் அலமாரி அலமாரியாக இருக்கிறது. எனக்கு ஆறவே இல்லை.

இந்த நோட்டு 1965 தையோடு நிற்கிறது. கடைசிப் பக்கத்தில், “மீதி அடுத்த நோட்டில்.” பங்கு பிரித்தபோது கணக்கெல்லாம் மாமா கைக்குத்தானே போனது? உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைப் பார். நீல அட்டையாக இருக்கும். கரையான் முந்துவதற்குள் தேடு. கிடைத்தால் தபாலில் போடாதே, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் மாப்ளே