பின்கால் உரசியபோது

ஒட்டுசுட்டான்,
மாசி 18

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அறுவடை முடிந்து நெல் முற்றத்தில் காய்கிறது. அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. அதெல்லாம் இருக்கட்டும், எங்கள் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பெண்கள் உயரம் பாய்தல். மெத்தைக்குப் பதில் வைக்கோல் அடைத்த உரப்பைகள். ஒரு பிள்ளை 1.35 மீற்றரில் வென்றுவிட்டாள். ஆனாலும் தடியை 1.40க்கு ஏற்றச் சொன்னாள். மூன்றாம் தரம் முன்கால் தாண்டிவிட்டது, பின்கால் குதி உரசியது. தடி இரண்டு துள்ளுத் துள்ளி, நின்றுவிடும் போலிருந்து, விழுந்தது. ஒலிபெருக்கியில் முதலாமிடம் என்கிறார்கள், பிள்ளை வைக்கோலில் முகம் புதைத்து அழுகிறாள்!

மூன்றாவதாக வந்தவளுக்கோ வாயெல்லாம் பல். இரண்டாவது ஆள் முகத்தில் ஈயாடவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் ஒளிப்பதிவுகளைப் பார்த்து அமெரிக்க உளவியலாளர் மூவர் 1995இல் எழுதியதும் இதைத்தான்: வெள்ளிக்காரரைவிட வெண்கலக்காரருக்குச் சந்தோசம் அதிகம். ஒருவருக்குக் கைதவறிய தங்கம் கண்ணில் நிற்கிறது, மற்றவருக்கு வெறுங்கையோடு போகாத நிம்மதி.

சரி, வென்றவள் ஏன் அழ வேண்டும்? யோசித்துப் பார், உயரம் பாய்தலில் வெல்பவரும் அநேகமாகத் தடியை விழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தார்க்காரர் பார்ஷிமும் இத்தாலிக்காரர் தம்பேரியும் 2.37 தாண்டி, 2.39இல் மூன்று தரமும் விழுத்தினார்கள். இன்னும் பாய்ந்து தீர்க்கலாம் என்று அதிகாரி சொல்ல, இரண்டு தங்கம் தரலாமா என்று கேட்டார் பார்ஷிம். இருவரும் கணுக்காலில் அடிபட்டு மீண்டவர்கள். 2016 ரியோவுக்குப் போகவிடாமல் செய்த பிளாஸ்டரைத் தம்பேரி மைதானத்துக்கே கொண்டுவந்திருந்தார். தங்கத்தைப் பங்கிட்டதை விட்டுக்கொடுப்பு என்று பலர் சொன்னார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. தடியோடு மற்றவன் பட்ட பாடு தெரிந்த ஆட்கள், அவ்வளவுதான்.

எங்கள் மாஸ்டர், உயரம் பாயும் வீரர் எதிர்வீரசிங்கத்தின் கதையைச் சொல்வாரே, ஞாபகமா? 1958இல் அதே டோக்கியோவில் 2.03 மீற்றர், ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம். கதவு நிலையில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். நீ எம்பித் தொட்டாய், எனக்கு எட்டவில்லை.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பிள்ளை தனியே வந்து தடியைக் கேட்டாள். அது வளைந்துபோயிருந்தது. மூங்கில் ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். வரும்போது ஸ்பைக் சப்பாத்து ஒரு சோடி கொண்டுவா, அளவு 5.

உன் கூட்டாளி